கல்லில் பொறித்த கட்டளைகளும் ஏழையின் வரிச்சுமையும்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகர் மொன்ட்கொமரி. அங்குள்ள மாநில நீதிமன்றக் கட்டடத்தின் முன்மண்டபத்திலிருந்து 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி கருங்கல்லாலான நினைவுச்சின்னமொன்று அகற்றப்பட்டது. ஏறத்தாழ 2,400 கிலோகிராம் எடையுள்ள அக்கல்லில், கிறிஸ்தவர்கள் மோசே எனவும் முஸ்லிம்கள் மூஸா நபி எனவும் போற்றும் இறைதூதருக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனை அகற்றக் கூடாதெனக் கோரி, பல நாட்களாக அக்கட்டடத்தின் வாயிலில் திரண்டிருந்த மக்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். சிலர் நிலத்தில் குப்புற விழுந்து வேண்டினர். சிலர் கைதாகவும் நேர்ந்தது.

அதிலிருந்து பதின்மூன்றாம் நாள், செப்டெம்பர் 9ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, அதே மாநிலத்தில் சர்வஜன வாக்கெடுப்பொன்று நடைபெற்றது. வறிய குடும்பங்கள் செலுத்திவந்த வருமான வரியை நீக்கி, பெருங்காணிச் சொந்தக்காரர்களும் செல்வந்தர்களும் பெரு நிறுவனங்களும் கூடுதலாகச் செலுத்த வேண்டுமெனக் கூறிய வரிச் சீர்திருத்தத் திட்டமொன்று மக்களின் முடிவுக்கு விடப்பட்டிருந்தது. அத்திட்டத்தை முன்வைத்த ஆளுநர், ஏழைகளைப் பேணுவது கிறிஸ்தவக் கடமை என்றே மக்களிடம் வாதாடியிருந்தார். வாக்களித்தோரில் ஏறத்தாழ 67 வீதமானோர் அதனை நிராகரித்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் செய்தித்தாள்களில் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெற்றவை. முன்னையது மதச் சுதந்திரம் பற்றிய வழக்காகவும், பின்னையது வரி பற்றிய தகராறாகவுமே பேசப்பட்டன. ஆனால், இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதுதான், சமயப் பற்றுமிக்க ஒரு சமூகத்தின் அரசியலில் ஏழைக்கு உண்மையில் எந்த இடம் கிடைக்கின்றது என்பது புலனாகும். சமயமும் அரசியலும் பின்னிப் பிணைந்துள்ள எந்த நாட்டவருக்கும் இது அந்நியமான கதையாக இருக்க முடியாது.

முதலில் அம்மாநிலத்தின் வரி முறையைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டியுள்ளது. ஏனெனில் இங்கு பாவம் என்று ஒன்று இருந்தால், அது கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது.

2003ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசாங்கம் நிர்ணயித்திருந்த வறுமைக் கோடு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 18,400 டொலராகும். அதற்குக் கீழே வருமானம் பெறும் குடும்பம் ஏழைக் குடும்பம் என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணிப்பு. ஆனால் அலபாமா மாநிலமோ, அத்தகைய குடும்பத்தின் வருமானம் 4,600 டொலரைத் தாண்டியதுமே வருமான வரி அறவிடத் தொடங்கியது. அதாவது, வறுமைக் கோட்டின் நான்கில் ஒரு பங்கு உழைத்தாலே வரி. ஐக்கிய அமெரிக்காவில் வருமான வரி அறவிடும் மாநிலங்களுள் இதைவிடத் தாழ்ந்த எல்லை வேறெங்கும் இருக்கவில்லை.

செல்வந்தரின் பக்கம் நிலைமை வேறு. வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் வரி வீதம் 5 வீதத்துக்கு மேற்செல்லாது. அத்துடன், மத்திய அரசாங்கத்துக்குச் செலுத்திய வருமான வரி முழுவதையும் மாநில வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. மத்திய அரசாங்கத்துக்கு அதிகம் செலுத்துபவர் அதிகம் சம்பாதிப்பவரே என்பதால், இச்சலுகையின் பெரும்பங்கு எவரைச் சென்றடையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காணிகளின் விடயத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் வெளிப்படையானது. மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 71 வீதம் மரத்தேவைக்கான காடுகளாகும். அக்காணிகளின் சொந்தக்காரர்கள் செலுத்திய தொகையோ, மாநிலத்தில் அறவிடப்பட்ட மொத்த ஆதன வரியில் 2 வீதத்துக்கும் குறைவு. ஓர் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு டொலர்கூட இல்லை. ஆதன வரியிலிருந்தே பாடசாலைகள் பெருமளவு நடத்தப்பட வேண்டும் என்பதால், காடுகள் சூழ்ந்த கிராமப்புற மாவட்டங்களின் பாடசாலைகள் கூரை ஒழுகும் நிலையில் இருந்ததில் வியப்பில்லை.

இவ்வாறு செல்வத்தின் மீது அறவிடாமல் விட்ட பணத்தை மாநிலம் எங்கிருந்தோ பெற வேண்டுமல்லவா? அது கடைத்தெருவிலிருந்து பெறப்பட்டது. மாநில விற்பனை வரி 4 வீதம். அதன்மேல் மாவட்டமும் நகரசபையும் தத்தம் வரியைச் சேர்த்தன. மொன்ட்கொமரி நகரில் இம்மூன்றும் சேர்ந்து 10 வீதமாயின. பாண், பால், முட்டை, குழந்தைக்கான பால்மா எதற்கும் விலக்கில்லை. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் உணவுப் பொருட்களுக்கு விற்பனை வரி அறவிடுவதில்லை, அல்லது குறைத்து அறவிடுகின்றன. அலபாமா அவ்வாறு செய்யவில்லை.

விற்பனை வரி எல்லோருக்கும் ஒரே வீதத்தில் விதிக்கப்படுவதால் நியாயமானது போலத் தோன்றும். ஆனால் ஏழை தன் வருமானம் முழுவதையும் செலவிட்டே உயிர்வாழ்கிறான். ஆகவே அவனது வருமானம் முழுவதும் வரிக்குள் அகப்படுகின்றது. செல்வந்தன் தன் வருமானத்தில் ஒரு பகுதியை மட்டுமே கடையில் செலவிடுகிறான். எஞ்சியது சேமிப்பாகவும் முதலீடாகவும் வரிக்கு வெளியே நிற்கின்றது. இவை யாவற்றினதும் கூட்டு விளைவு, அக்காலத்தில் பரவலாக எடுத்துக்காட்டப்பட்ட கணக்கொன்றில் தெளிவாகின்றது. ஆண்டுக்கு 13,000 டொலருக்குக் குறைவாகப் பெற்றவர்கள் தம் வருமானத்தில் 10.9 வீதத்தை மாநில, உள்ளூர் வரிகளாகச் செலுத்தினர். 229,000 டொலருக்கு மேற்பட்டுப் பெற்றவர்கள் செலுத்தியது 4.1 வீதம்.

இம்முறை தற்செயலாக உருவானதன்று. உள்நாட்டு யுத்தத்தின் பின்னர் அமைந்த மறுசீரமைப்பு அரசாங்கம் ஆதன வரியைக் கொண்டு பொதுப் பாடசாலைகளை நடத்த முனைந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் பிள்ளைகளும் அவற்றில் படித்தனர். தோட்ட முதலாளிகள் மீண்டும் அதிகாரத்துக்கு வந்ததும், 1875ஆம் ஆண்டின் யாப்பில் ஆதன வரிக்கு உச்ச வரம்பை விதித்தனர். 1901ஆம் ஆண்டின் யாப்பு கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கும் நோக்குடனேயே எழுதப்பட்டது. யாப்பு மாநாட்டின் தலைவர் ஜோன் நொக்ஸ், வெள்ளையரின் மேலாண்மையைச் சட்டத்தின் வழியே நிலைநாட்டுவதே நோக்கமென வெளிப்படையாகவே கூறினார். வாக்களிப்பதற்கே தலைவரி கட்ட வேண்டுமென்ற விதியால் வறிய வெள்ளையரும் வாக்குரிமையை இழந்தனர். வரி எழுதும் அவையில் ஏழைக்குக் குரல் இல்லாமற் செய்யப்பட்டபின், வரி ஏழையின் தலையில் இறங்கியதில் என்ன ஆச்சரியம்?

இத்தனையும் நடந்த மாநிலம் சமயப் பற்றில் குறைந்ததன்று. அமெரிக்காவின் ‘வேதாகம வலயம்’ எனப்படும் பிரதேசத்தின் நடுநாயகமே அலபாமாதான். ஞாயிறு ஆராதனைக்குச் செல்வோரின் தொகையில் அது முன்னணி மாநிலங்களுள் ஒன்று. மக்களும் ஈகைக் குணமற்றவர்களல்லர். ஆலயங்கள் தோறும் உணவு வழங்கும் நிலையங்களும் உடை சேகரிப்புகளும் உண்டு; சூறாவளி வீசினால் முதலில் வந்து நிற்பவர்கள் சபை மக்களே. இந்த விடயத்தை மறைத்துவிட்டு அவர்களை வெறும் வேடதாரிகள் எனத் தூற்றுவது எளிது, நியாயமன்று. நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது, கொடுக்கத் தயங்காத அதே மக்கள், எடுப்பதை எவ்வாறு காணாதிருந்தனர் என்பதையே.

அதைக் காணச் செய்தவர் ஒரு வரிச் சட்டப் பேராசிரியை. அலபாமா பல்கலைக்கழகத்தின் சட்ட பீடத்தைச் சேர்ந்த சூசன் பேஸ் ஹமில், மெதடிஸ்த திருச்சபையின் அங்கத்தவர். விடுமுறையில் இறையியல் கற்பதற்காக, பேர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சம்போர்ட் பல்கலைக்கழகத்தின் பீசன் இறையியற் கல்லூரியில் சேர்ந்திருந்தார். அங்கே இருந்தபோது, 4,600 டொலர் எல்லையைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரையொன்று அவர் கண்ணில் பட்டது. வரிச் சட்டம் கற்பிக்கும் அவருக்கே அது புதிய செய்தி. அதனையே தமது இறையியல் ஆய்வின் பொருளாக்கினார். 2002இல் வெளிவந்த அவ்வாய்வு, அலபாமாவின் வரி முறை யூத, கிறிஸ்தவ அறநெறிகளுக்கு முரணானது என வாதிட்டது.

அவரது வாதம் உணர்ச்சிப் பிரசங்கமன்று. சட்ட அறிஞருக்குரிய வாதம். பழைய ஏற்பாட்டின் நியாயப்பிரமாணம் ஏழையைப் பற்றிக் கூறுவன பெரும்பாலும் தர்மம் பற்றியவையல்ல, கட்டாயச் சட்டங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட வேண்டும். ஏழாம் ஆண்டில் கடனை விடுதலை செய்ய வேண்டும். ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கூலியாளின் கூலியை இரவு முழுவதும் வைத்திருக்கக் கூடாது. இவை காணிச் சொந்தக்காரனின் மனமுவப்புக்கு விடப்பட்டவையல்ல. ஆமோசும் மீகாவும் எசாயாவும் சாடியது, பலி செலுத்தத் தவறியவர்களையல்ல. பலியும் பண்டிகையும் குறைவின்றி நடத்திக்கொண்டே அநியாயமான சட்டங்களை எழுதியவர்களையே. புதிய ஏற்பாட்டிலோ இயேசு தம்மைப் பசித்தவனோடும் சிறைப்பட்டவனோடும் ஒன்றாக்கி, இறுதித் தீர்ப்பின் அளவுகோலே அதுவெனக் கூறுகின்றார். கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் தசமபாகம் கணக்குப் பார்ப்பது போன்ற நுணுக்கத்தோடு சடங்கைக் காத்து, நீதியைக் கைவிட்ட சமயத் தலைவர்களை அவர் கண்டித்த இடம் எல்லோரும் அறிந்ததே. (வேதாகமம் குறிப்பிடும் கீரைகள் வேறு, நம் சமையலறைக்கு இவை பொருந்தும்.)

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாத பகுதியொன்றுண்டு. ஸகாத் என்பது பணக்காரனின் தாராள மனப்பான்மையைச் சார்ந்த தர்மமன்று. அவனது செல்வத்தில் ஏழைக்குள்ள உரிமை. அதற்கு ‘நிஸாப்’ எனும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அந்த எல்லையை எட்டாதவர் மீது ஸகாத் கடமையாவதில்லை. வறியவராயின் அவர் அதைப் பெறுபவருமாவார். அந்த அளவுகோலால் அளந்தால், பெற வேண்டியவரிடமே வாங்கிக்கொண்டிருந்தது அலபாமா மாநிலம்.

ஹமிலின் ஆய்வு பேராயர்களையும் போதகர்களையும் சென்றடைந்தது. மெதடிஸ்த, எப்பிஸ்கோப்பல், பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகளின் தலைவர்கள் பலர் வரிச் சீர்திருத்தத்தை ஆதரித்துப் பேசினர். எனினும், எவரும் எதிர்பாராத இடத்திலிருந்தே அரசியல் ஆதரவு வந்தது.

2002 நவம்பரில் ஏறத்தாழ 3,000 வாக்குகள் வித்தியாசத்தில் ஆளுநராகத் தெரிவானவர் பொப் ரைலி. குடியரசுக் கட்சிக்காரர். தென்பகுதி பப்டிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர். மூன்று தவணைகள் வொஷிங்டன் காங்கிரஸில் இருந்தபோது வரி உயர்வுகளை எதிர்ப்பவரெனப் பெயர் பெற்றவர். பதவியேற்றதும் ஏறத்தாழ 675 மில்லியன் டொலர் பற்றாக்குறை அவரை எதிர்கொண்டது. செலவைக் குறைத்து நாட்களைக் கடத்தியிருக்கலாம். அவரோ ஆண்டுக்கு 1.2 பில்லியன் டொலர் வருமானம் தரும் திட்டமொன்றை முன்வைத்தார். மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய வரித் திட்டம் அது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கான வரி எல்லை வறுமைக் கோட்டுக்கு மேலே உயர்த்தப்படும். பெருங்காணிகளின் ஆதன வரி கூடும். மேலதிகப் பணம் பாடசாலைகளுக்குச் செல்லும். கடவுளை நேசித்தல், ஒருவரையொருவர் நேசித்தல், எளியோரைப் பேணுதல் என்பனவே புதிய ஏற்பாடு தமக்குக் கற்பித்தவை என்றும், 4,600 டொலர் உழைப்பவரிடம் வருமான வரி வாங்குவதை எவராலும் நியாயப்படுத்த முடியாதென்றும் அவர் கூட்டங்கள் தோறும் பேசினார்.

அவரது சொந்தக் கட்சியின் மாநிலத் தலைமையே எதிர்த்து நின்றது. வரி எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர் குரோவர் நோர்குவிஸ்ட் வொஷிங்டனிலிருந்து கண்டனம் தெரிவித்தார். விவசாயிகள் சம்மேளனமும் மரக்காட்டுச் சொந்தக்காரர்களும் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பணத்தை வழங்கினர். இவர்களின் எதிர்ப்பை விளங்கிக்கொள்ளலாம். அவர்களின் பணப்பைதான் விவகாரம். ஆனால், அலபாமாவின் கிறிஸ்தவக் கூட்டமைப்பும் அதே அணியில் சேர்ந்தது. இன்னொரு விசித்திரம் என்னவெனில், அக்கூட்டமைப்பின் தேசியத் தலைமை ஆளுநரின் திட்டத்தைப் பாராட்டியிருந்தது. மாநிலக் கிளை மட்டும் எதிர்த்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேதம் தெளிவாகத் தெரிந்தது. வரிச் சீட்டு கையில் வருபவருக்குத் தெரியவில்லை போலும்!

சமய நோக்கில் எதிர்த்தவர்களின் வாதம் கவனிக்கத்தக்கது. ஏழைக்கு உதவுமாறு வேதம் கட்டளையிடுவது தனிமனிதனுக்கே, அரசாங்கத்துக்கல்ல. வற்புறுத்தி வாங்கும் வரி ஈகையாகாது. மனமுவந்து கொடுப்பதே இறைவனுக்கு உகந்தது என்றனர். இதில் ஓரளவு உண்மையுண்டு. அரசாங்கம் வாங்கிச் செலவிடுவதெல்லாம் அறமாகிவிடாது. ஆனால், இவ்வாதம் எதற்கு விடையாகக் கூறப்பட்டதோ அக்கேள்விக்கே அது பொருந்தவில்லை. ஏழைக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கப்படவில்லை. ஏழையிடமிருந்து அரசாங்கம் எடுக்கலாமா என்பதும் வாக்குச்சீட்டில் இருந்தது. வற்புறுத்தி வாங்குவது பிழையென்றால், 5,000 டொலர் உழைக்கும் தாயிடம் வற்புறுத்தி வாங்குவது எவ்வாறு சரியாகும்? அந்தப் பணம் சட்டத்தின் பலத்தால் எடுக்கப்படுகின்றது. அதே தாய்க்கு ஞாயிறன்று ஆலயத்தில் அரிசிப் பொதியொன்று அன்பின் பெயரால் வழங்கப்படுகின்றது. பொதியை வழங்குபவர் உள்ளன்போடுதான் வழங்குகிறார். ஆனால் தாம் வழங்குவதைவிடத் தம் வாக்கு எடுத்துக்கொள்வது அதிகம் என்பதை அவர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. கணக்கிடும்படி அவருடைய மேய்ப்பர் கேட்டதுமில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கருத்துக் கணிப்புகளின்படி, இத்திட்டத்தால் நன்மை பெறவிருந்த வறியவர்களிலும் கணிசமானோர் அதனை எதிர்த்தனர். இதனை அறியாமை எனத் தள்ளிவிடுவது படித்தவர்களின் வழக்கமான சோம்பேறித்தனம். நூறாண்டுகளாகத் தம்மிடம் வாங்கிக்கொண்டு எதையும் தராத அரசாங்கம், ‘இம்முறை உங்கள் நன்மைக்காக’ என்று வரும்போது, அதனை நம்ப மறுத்ததே அம்மக்களின் அனுபவ அறிவு. கறுப்பின வாக்காளர் பலருக்குக் குடியரசுக் கட்சி ஆளுநரின் வேத வசனங்களில் நம்பிக்கை ஏற்படவில்லை. திட்டமும் சிக்கலானது. வரி நீக்கம், புதிய வரிகள், கல்விச் சீர்திருத்தம் என்று பல விடயங்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, ஆம், இல்லை என்ற ஒற்றை விடை கேட்கப்பட்டது. பற்றாக்குறையில் தவித்த ஆளுநர் வேதத்தைத் துணைக்கு அழைத்தார் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அச்சந்தேகத்தை முற்றாக மறுக்கவும் இயலாது.

அப்படியானால், அரசியலில் வேதத்தை எடுத்துப் பேசிய ரைலியும், வேதத்தைக் கல்லில் பொறித்து நிறுத்திய மற்றவரும் ஒரே தட்டில் வைக்கப்பட வேண்டியவர்களா? அந்த மற்றவர் மாநிலத்தின் பிரதம நீதியரசர் ரோய் மூர். 2001 ஜூலை 31ஆம் திகதி இரவு, ஏனைய நீதியரசர்களைக் கலந்தாலோசிக்காமலே அக்கல்லை நீதிமன்ற மண்டபத்தில் நிறுவினார். சட்டத்தின் ஊற்று இறைவனே என்பதை அரசு ஏற்க வேண்டுமென்பது அவரது வாதம். அது யாப்புக்கு முரணென மத்திய நீதிபதி மைரன் தொம்சன் 2002 நவம்பரில் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டிலும் தோற்றபின், மூர் கட்டளைக்குப் பணிய மறுத்தார். ஏனைய எட்டு நீதியரசர்களே கல்லை அகற்ற உத்தரவிட்டனர். 2003 நவம்பர் 13ஆம் திகதி மூர் பதவி நீக்கப்பட்டார்.

இருவரும் தம் பதவிக்கு ஆபத்தை விலைக்கு வாங்கியவர்களே. மூரிடமும் துணிவு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. வித்தியாசம் வேறிடத்தில் உள்ளது. கல்லுக்காகத் திரண்ட கூட்டத்தினருக்கு அக்கல் எந்தச் செலவையும் வைக்கவில்லை. அது அவர்களிடம் ஓர் ஏக்கர் காணிக்குக்கூடக் கூடுதலாக வரி கேட்கவில்லை. அவர்களே சரியானவர்கள் என்று மட்டும் கூறியது. ரைலி எடுத்துரைத்த வேதமோ தம் ஆதரவாளர்களின் பணப்பையைத் தொட்டது. சமயத்தைப் பேசும் அரசியல்வாதியைச் சோதிக்க எமக்குத் தெரிந்த உரைகல் இதுவே: அவர் எடுத்துரைக்கும் வேதவாக்கு யாரிடம் விலை கேட்கின்றது? பிறரிடம் மட்டுமே கேட்கின்றதென்றால் சந்தேகிக்க இடமுண்டு.

நீதிமன்றக் கட்டடம் அமைந்துள்ள வீதியின் பெயர் டெக்ஸ்டர் அவென்யூ. அதே வீதியில், சில எட்டு நடைத் தூரத்தில், செங்கல்லால் கட்டப்பட்ட பப்டிஸ்த ஆலயமொன்று உண்டு. 1954 முதல் 1960 வரை அதன் போதகராக இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1955இல் தொடங்கிய பேருந்துப் பகிஷ்கரிப்பு அங்கிருந்தே வழிநடத்தப்பட்டது. 1963இல் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், அலபாமாவின் வெள்ளையினக் குருமார் எண்மருக்கு விடையாக எழுதப்பட்டதே. பொறுமையாக இருங்கள் என்று அவருக்கு அறிவுரை கூறிய நல்ல சமயத் தலைவர்கள் அவர்கள். கிங்கின் இறுதிக்கால முயற்சி எல்லா இன ஏழைகளையும் ஒன்றுதிரட்டும் இயக்கமாகும். 1968 ஏப்ரலில் மெம்பிஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுத்திகரிப்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளிக்கவே அங்கு சென்றிருந்தார். இன்று அவரது பிறந்தநாள் தேசிய விடுமுறை, சிலைகளுக்கும் குறைவில்லை. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளை அலங்கரிப்போரைப் பற்றி இயேசு கூறியதை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியவில்லை.

வாக்கெடுப்பில் தோற்ற ரைலி செலவுகளை வெட்டினார். அத்தகைய பெருந்திட்டத்தை மீண்டும் முன்வைக்கவில்லை. 2006 ஜூனில் ஆளுநர் பதவிக்கான கட்சித் தெரிவுத் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் வேறு யாருமல்லர், ரோய் மூரே. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ரைலி வென்றார். அதே ஆண்டில், ஆரவாரமின்றி, வரி எல்லை 4,600 டொலரிலிருந்து 12,600 டொலராக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் வறுமைக் கோடு 20,000 டொலர்.

மூரின் கல் 2004இல் பாரவூர்தியில் ஏற்றப்பட்டுப் பல மாநிலங்களுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. 2018 நவம்பரில் பத்துக் கட்டளைகளைப் பொது இடங்களில் வைக்க அனுமதிக்கும் யாப்புத் திருத்தமொன்று அலபாமா மக்களிடம் விடப்பட்டது. ஏறத்தாழ 72 வீதமானோர் ஆதரித்தனர். 2003இல் ஏழைகளுக்கான திட்டம் ‘முதலாம் திருத்தம்’ என்றே வாக்குச்சீட்டில் இருந்தது. 2018இல் கட்டளைகளுக்கானதும் ‘முதலாம் திருத்தம்’ என்றே இருந்தது. பின்னையதில் ஒரு நிபந்தனையும் இணைக்கப்பட்டிருந்தது: இத்திருத்தம் யாப்புக்கு இசைவானதென நீதிமன்றத்தில் வாதாடுவதற்குப் பொதுப்பணம் செலவிடப்படக் கூடாது. கட்டளைகள் வேண்டும், அவற்றுக்காக வரிப்பணம் ஒரு சதமும் போகக் கூடாது. இதைவிடச் சுருக்கமாக அக்காலத்து நிலைமையை எவராலும் எழுதிவிட முடியாது.

ஆயினும் இது முழுக் கதையன்று. 1988இல் அலபாமாவின் சபைகளும் சமூக அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய ‘அலபாமா அரைஸ்’ எனும் கூட்டமைப்பு, உணவின் மீதான விற்பனை வரியை நீக்குமாறு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டசபையின் கதவைத் தட்டிவந்தது. அவர்களின் கூட்டங்களைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சிகள் முண்டியடித்ததில்லை. செல்வந்தரின் மத்திய வரிக் கழிவை மட்டுப்படுத்தி உணவு வரியை நீக்கலாமென்ற யோசனை திரும்பத் திரும்பத் தோற்றது. தோற்ற மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பத்துடன் போய் நின்றனர். 2023ஆம் ஆண்டு இரு கட்சியினரின் ஆதரவுடன் சட்டம் நிறைவேறி, செப்டெம்பரில் உணவு மீதான மாநில வரி 4 வீதத்திலிருந்து 3 வீதமானது. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி அது 2 வீதமாகக் குறைந்தது. மாவட்டங்களும் நகரசபைகளும் தமது பங்கைப் பெரும்பாலும் தொடர்ந்து அறவிட்டு வருகின்றன. எஞ்சிய 2 வீதத்தையும் நீக்குமாறு அக்கூட்டமைப்பு இன்னமும் கோரி வருகின்றது.